நிழலை அளந்த பேராசான் மகாவீராசாரியர்

ஆதிபகவன் தம் புதல்வியர் இருவரையும் அருகில் இருத்தி, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளிய வரலாற்றை ஸ்ரீபுராணம் படிக்கும் நம் இல்லங்கள் யாவும் அறியும். உலகிற்கு முதன்முதலாகச் சொல்லப்பட்ட கணக்குப் பாடம் ஒரு பெண்மகவுக்குச் சொல்லப்பட்டது என்பது நம் மரபின் கொள்கை. நம் ஆகமங்களை நான்கு அனுயோகங்களாகப் பகுத்த ஆன்றோர், அவற்றுள் ஒன்றாகிய கரணானுயோகத்தில் உலகின் அமைப்பு, தீவு கடல்களின் அளவு, காலத்தின் பகுப்பு ஆகியவற்றை வைத்தனர். இவற்றைக் கற்க விரும்புவோர் முதலில் எண்ணைக் கற்றாக வேண்டும். ஆகவே, கணிதம் நம் முன்னோர்க்கு வாணிகத்துக்கு உதவும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. அறிவு வாயிலாகவும் இருந்தது.

அம்மரபில் தோன்றிய கணித அறிஞர்களுள் தலைசிறந்தவர் மகாவீராசாரியர். இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரின் திருநாமத்தைத் தாங்கியவர் ஆதலால், பிள்ளைகள் இருவரையும் ஒருவராக மயங்குதல் உண்டு. பகவான் மகாவீரர் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தவர். நாம் இங்கே காணப்போகும் ஆசாரியரோ கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்தவர். ஏறத்தாழ கி.பி. 850இல் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றியவர்.

நிருபதுங்கனின் காலம்

தம் ஊரையோ, பெற்றோரையோ, குருவையோ ஆசாரியர் தம் நூலில் குறிப்பிடவில்லை. தம்மைப் பற்றிப் பேசாமல் தம் பொருளைப் பற்றியே பேசுதல் அக்காலச் சான்றோர் வழக்கம். ஆயினும், நூலின் தொடக்கத்தில் அவர் வாழ்த்தும் மன்னனைக் கொண்டு அவருடைய காலத்தையும் சூழலையும் நாம் நன்கு அறிய முடிகிறது. அம்மன்னன் இராட்டிரகூட மரபில் வந்த அமோகவர்ஷ நிருபதுங்கன். கி.பி. 814 தொடங்கி ஏறத்தாழ 64 ஆண்டுகள் மானியகேடம் என்னும் தலைநகரிலிருந்து ஆண்டவன். அந்நகரம் இன்று கருநாடக மாநிலத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேடு என்னும் சிற்றூராக உள்ளது.

இம்மன்னனுக்கு ஆசானாக விளங்கியவர் ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியர். எண் கற்ற சுந்தரியின் வரலாறு அந்த ஆதிபுராணத்தில் உள்ளது. அவர் நிறைவு செய்யாது விட்ட பகுதியை மாணவர் குணபத்திரர் தொடர்ந்து மகாபுராணமாக முடித்தார். நம் ஸ்ரீபுராணம் அம்மகாபுராணத்தின் வழிவந்ததே. கன்னட மொழியின் பழமையான அணியிலக்கண நூலாகிய கவிராஜமார்க்கமும் நிருபதுங்கனின் அவையிலேதான் எழுந்தது. இலக்கணமும் புராணமும் தத்துவமும் தழைத்த அவ்வவையின் ஆதரவில் கணிதமும் தழைத்தது. மகாவீராசாரியர் தம் மன்னனின் போர் வெற்றிகளை விரித்துப் பாடவில்லை. ஒருதலைக் கோட்பாடுகளை விலக்கிச் சியாத்வாத நெறியைப் பேணியவன் என்றே அவனைப் போற்றுகிறார். புகழ்ச்சியிலும் அளவு தவறாதவர் அவர்.

இராட்டிரகூடர் ஆட்சி நம் பகுதிக்கு அயலானதும் அன்று. நிருபதுங்கனுக்குச் சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அம்மரபைச் சேர்ந்த மூன்றாம் கிருஷ்ணன் 949இல் தக்கோலப் போரில் சோழரை வென்று தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டான். கன்னரதேவன் என்னும் பெயரோடு அவனுடைய கல்வெட்டுகள் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலும் காணப்படுகின்றன. அரசர்கள் படையோடு வந்து போயினர். ஆசிரியர்களும் நூல்களும் படை இல்லாமலேயே வந்து போயினர்.

அதே காலத்தில் பாக்தாது நகரில் அல்-குவாரிசுமி என்னும் அறிஞர் இந்திய எண்முறையை அரபு மொழியில் விளக்கி எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும், பிற்கால உலகிற்கு எண்ணறிவை வழங்கிய இரு ஊற்றுகள் ஒரே நூற்றாண்டில் சுரந்தன என்று சொல்லலாம்.

நூலும் அதன் பகுப்பும்

கணித சார சங்கிரகத்திற்கு முன்னும் நம் நாட்டில் கணித நூல்கள் இருந்தன. ஆரியபட்டர் கி.பி. 499இலும், பிரம்மகுப்தர் கி.பி. 628இலும் இயற்றிய பெருநூல்களில் கணிதம் வானநூலின் ஓர் அதிகாரமாக இடம்பெற்றது. மகாவீராசாரியரோ கோள்களின் இயக்கத்தை விடுத்துக் கணிதத்திற்கென்றே தனி நூல் செய்தார். கடலிலிருந்து மணியையும், சிப்பியிலிருந்து முத்தையும் எடுப்பது போல முன்னோர் நூல்களிலிருந்து சாரத்தைத் திரட்டியதாக அவரே அடக்கத்துடன் கூறிக்கொள்கிறார். நூலின் பெயரும் அதையே உணர்த்துகிறது.

விதிகளும் எடுத்துக்காட்டுகளுமாக ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட செய்யுட்கள் கொண்ட இந்நூல் ஒன்பது அதிகாரங்களாக அமைந்துள்ளது. கலைச்சொற்கள், பெருக்கல் வகுத்தல் முதலிய செய்கைகள், பின்னங்கள், பின்னம் சார்ந்த பலவகைக் கணக்குகள், திரைராசிகம், கலப்புக் கணக்குகள், நிலப்பரப்பு, அகழ்வுக் கணக்கு, நிழற் கணக்கு என்பன அவை. ஒன்று முதலாக இருபத்து நான்கு இடங்கள் வரையில் எண்களுக்குப் பெயர் வைத்துள்ளார். இருபத்து நான்கு என்னும் தொகை நம் நெஞ்சில் எதனை நினைவூட்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாணாக்கர் உள்ளம் கவரும் வகையில் கணக்குகளை அமைப்பதில் அவர் வல்லவர். ஜினாலயங்களுக்கு மலர் அளித்தல், அறுந்து சிதறிய முத்துமாலை, காட்டில் திரியும் யானைக்கூட்டம், வணிகர் வழியில் கண்டெடுத்த பணப்பை என்று கண்முன் நிகழ்வனவற்றையே கணக்காக்கினார். 2,79,94,681 என்னும் எண்ணை 441ஆல் பெருக்கினால் 12345654321 வரும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் இத்தகைய எண்களைக் கழுத்தில் அணியும் மாலைகளுக்கு ஒப்பிட்டு மகிழ்ந்தார். ஆறு சுவைகளை வெவ்வேறு வகையாகக் கலந்தால் எத்தனை கலவை கிடைக்கும் என்று கேட்டு, அதற்குப் பொதுவிதியும் தந்தார். இரண்டிரண்டாகக் கலந்தால் 15, மும்மூன்றாகக் கலந்தால் 20, தனிச் சுவை முதல் ஆறும் சேர்ந்தது வரை எல்லாம் கூட்டினால் 63. மேல்நிலை வகுப்பில் இன்று கற்பிக்கப்படும் சேர்வு விதி இதுவே.

நிழலில் தோன்றும் முக்கோணங்கள்

ஒன்பதாவது அதிகாரமாகிய நிழற் கணக்கே இக்கட்டுரையில் நாம் சிறப்பாகக் காணவிருப்பது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடத்தைக் கண்டு அஞ்சுவதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். பாடநூலில் அது தேல்ஸ் என்னும் கிரேக்க அறிஞர் பெயரால் வரும் தேற்றத்தோடு தொடங்குகிறது. எகிப்து நாட்டுப் பிரமிடின் உயரத்தை அவர் அதன் நிழலைக் கொண்டு அளந்தார் என்பது மேலைநாட்டு மரபு. பிள்ளைகளோ பிரமிடைக் கண்டதில்லை. கண்ட பொருளைக் கொண்டு தொடங்கினால் அச்சம் நீங்கும் என்பது ஆசிரியர் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் நெறி. மகாவீராசாரியர் கையாண்டதும் அந்நெறியே. தூண், கோல், மனிதன், விளக்கு, சுவர் ஆகியவையே அவருடைய கருவிகள்.

இரு முக்கோணங்களின் கோணங்கள் முறையே சமமானால், அவற்றின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். ஒன்று சிறிதாகவும் மற்றொன்று பெரிதாகவும் இருக்கலாம், வடிவம் ஒன்றே. கதிரவன் நெடுந்தொலைவில் இருப்பதால் அவன் கதிர்கள் ஓரிடத்தில் இணையாகவே வந்து விழுகின்றன. ஆதலின், ஒரே நேரத்தில் ஒரே ஊரில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பொருளும் தன் நிழலோடும் கதிரோடும் சேர்ந்து ஒரே வடிவமுள்ள செங்கோண முக்கோணத்தை அமைக்கிறது. சிறிய கோலின் உயரமும் நிழலும் கைக்கு எட்டுபவை. பெரிய தூணின் நிழலும் தரையில் கிடப்பதால் கைக்கு எட்டும். எட்டாதது தூணின் உயரம் ஒன்றே. மூன்று தெரிந்தால் நான்காவது தானே தெரியும். ஐந்தாம் அதிகாரத்தில் அவர் கற்பித்த திரைராசிகம் ஒன்பதாம் அதிகாரத்தில் இவ்வாறு பயன்படுகிறது.

நம் கோயில்களுள் ஒன்றின் முன் நிற்கும் மானஸ்தம்பத்தை எண்ணிப் பார்ப்போம். திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துக்குச் சென்றவர் யாவரும் அண்ணாந்து நோக்கி வணங்கிய அனுபவம் உடையவரே. ஏணியும் கயிறும் இன்றி அத்தகைய தூணின் உயரத்தை அறிவது எங்ஙனம்? 3 அடிக் கோலைத் தரையில் நேராக நிறுத்துக. அதன் நிழல் 2 அடி என்க. அதே நேரத்தில் தூணின் நிழல் 24 அடி என்க. நிழல் 2 அடிக்கு உயரம் 3 அடி எனின், 24 அடிக்கு 36 அடி. தூணின் உயரம் 36 அடி.

இங்கு ஒரு நுட்பத்தை மறத்தல் ஆகாது. தூண் பீடத்தின் நடுவில் நிற்கிறது. நிழலை அளப்பவரோ பீடத்தின் ஓரத்திலிருந்து அளக்கத் தொடங்குவர். பீடம் 10 அடிச் சதுரம் என்றும், நிழல் அதன் ஒரு பக்கத்திற்குச் செங்குத்தாக விழுகிறது என்றும் கொண்டால், ஓரத்திலிருந்து நிழலின் நுனி வரை 19 அடிதான் இருக்கும். அதனோடு பீடத்தின் பாதியாகிய 5 அடியைக் கூட்டினால்தான் 24 அடி கிடைக்கும். கூட்டாமல் விட்டால் தூண் இருபத்தெட்டரை அடியாகக் குறுகிவிடும். முக்கோணத்தின் முனை, தூணின் நுனிக்கு நேர்கீழே உள்ள புள்ளி என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு உணர இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நிழல் முழுவதும் தரையில் விழாமல் இடையில் உள்ள சுவரின் மேல் ஏறினால் என் செய்வது? மகாவீராசாரியர் இதற்கும் விதி கூறுகிறார். மேற்கண்ட தூணுக்கு 16 அடி தொலைவில் ஒரு மதில் இருப்பதாகக் கொள்வோம். மதில் இல்லையேல் நிழல் 24 அடி சென்றிருக்கும். மதில் தடுத்ததால் எஞ்சிய 8 அடி நிழல் தரையில் விழவில்லை. தரையில் 2 அடிக்கு உயரம் 3 அடி எனும் அதே விகிதப்படி, அந்த 8 அடிக்கு ஈடாக நிழல் மதிலின் மேல் 12 அடி ஏறி நிற்கும். இதனைத் திருப்பிப் பார்த்தால், மதிலில் உள்ள 12 அடியோடு, தரையில் உள்ள 16 அடிக்கு உரிய 24 அடியைக் கூட்ட, தூணின் உயரம் 36 அடி என்று மீண்டும் வரும். இரு வழியிலும் ஒரே விடை வருதல் கணக்கின் உண்மைக்குச் சான்று.

விளக்கின் நிழல் வேறு வகை. விளக்கு அருகில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வாரா, விரிந்து வரும். ஆகவே, விளக்கின் உயரமும் மனிதனின் உயரமும் ஒரே நிழல் நுனியில் முடியும் இரு முக்கோணங்களை அமைக்கின்றன. பெரியதன் உள்ளே சிறியது அடங்கியிருக்கும். 5 அடி உயரமுள்ள ஒருவர் விளக்குத் தூணிலிருந்து 6 அடி தள்ளி நிற்கிறார். அவர் நிழல் 3 அடி. சிறிய முக்கோணத்தின் அடிப்பக்கம் 3, உயரம் 5. பெரிய முக்கோணத்தின் அடிப்பக்கம் 6ஐயும் 3ஐயும் கூட்டிய 9. ஆகவே விளக்கின் உயரம் 15 அடி. இவ்விளக்குக் கணக்கை ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் முன்னரே சொல்லியுள்ளனர். எல்லாவற்றையும் மகாவீராசாரியரே முதலில் கண்டார் என்று கூறுதல் அவருக்குப் பெருமை சேர்க்காது. முன்னோர் கண்டவற்றை வகைப்படுத்தி, விரித்து, மாணாக்கர் கையில் தந்ததே அவர் பணி.

நிலப்பரப்பு அதிகாரத்திலும் வடிவொத்த முக்கோணங்கள் வருகின்றன. இரண்டு தூண்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்கு ஒரு கயிறு கட்டப்படுகிறது. இரு கயிறுகளும் குறுக்கிடும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஒரு தூண் 12 முழமும் மற்றது 4 முழமும் எனின், இரண்டையும் பெருக்கி 48 என வைத்து, இரண்டையும் கூட்டிய 16ஆல் வகுக்க, 3 முழம் என்று வரும். தூண்களுக்கு இடையே உள்ள தொலைவு 10 முழமானாலும் 100 முழமானாலும் இவ்விடை மாறாது என்பதே வியப்பு. தொலைவு மாறும்போது குறுக்கிடும் இடம் தரையின் மேல் நகருமேயன்றி உயரத்தில் மாறாது. தொலைவு 16 முழமாயின், அவ்விடம் பெரிய தூணிலிருந்து 12 முழமும் சிறிய தூணிலிருந்து 4 முழமும் தள்ளி அமையும். இரண்டு கழிகளும் சணற்கயிறும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம்.

பொழுதறியும் வழி

கடிகாரம் இல்லாத காலத்தில் நிழலே கடிகாரம். நிழல் கொண்டு பொழுதறியும் வழக்கம் சூரியப் பிரஞ்ஞப்தி போன்ற பழைய சைன நூல்களிலேயே காணப்படுகிறது. மகாவீராசாரியர் இதற்கு எளியதொரு விதி தருகிறார். ஒருவருடைய நிழல் அவர் உயரத்தைப் போல் எத்தனை மடங்கு என்று காண்க. அதனோடு ஒன்றைக் கூட்டி இரட்டிக்க. பகற்பொழுதை அவ்வெண்ணால் வகுக்க, முற்பகலாயின் கழிந்த பொழுதும், பிற்பகலாயின் எஞ்சிய பொழுதும் கிடைக்கும். நிழல் நம் உயரத்திற்குச் சமமாயின், ஒன்றோடு ஒன்றைக் கூட்டி இரட்டிக்க நான்கு. பகலில் கால் பங்கு, அதாவது ஏழரை நாழிகை. காலை 6 மணிக்குக் கதிரவன் தோன்றினால் அப்போது மணி 9.

இவ்விதி நண்பகலில் நிழல் அறவே இல்லாத நிலைக்கு ஏற்றது. நிழல் இல்லையெனின் ஒன்றை இரட்டிக்க இரண்டு. பாதிப் பகல் என்று சரியாக வருகிறது. நம் விழுப்புரம், திண்டிவனம் ஊர்களில் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் இறுதியை ஒட்டியும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தின் இறுதியை ஒட்டியும், கதிரவன் நேர் உச்சியில் வருவதால் நண்பகலில் நிழல் காலடியில் மறையும். அந்நாட்களில் நிழல் உயரத்திற்குச் சமமாகும் நேரத்தை இவ்விதிப்படி கணக்கிட்டால், இன்றைய கணக்கிற்கும் அதற்கும் ஓரிரு நிமிட வேறுபாடே காணப்படும். நிழல் நீளும் காலை மாலை வேளைகளில் இவ்விதி சற்றுத் தோராயமானதே. நண்பகலிலும் நிழல் விழும் இடங்களுக்கு அந்நிழலையும் கணக்கில் கொள்ளும் வேறு விதியையும் அவர் சேர்த்துள்ளார்.

எஞ்சிய பொழுதை அறிவதில் நம்மவர்க்கு ஒரு தனித் தேவை உண்டு. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் நம் விரதம். பயணத்திலும் வயலிலும் இருப்பவர், இன்னும் எவ்வளவு பொழுது உள்ளது என்று தம் நிழலையே கேட்டு அறிந்துகொள்ள இவ்விதி வழிசெய்கிறது. நிழல் மூன்று மடங்காக நீண்டால், மூன்றோடு ஒன்றைக் கூட்டி இரட்டிக்க எட்டு. பகலில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். உண்மையில் எஞ்சியிருப்பது அதனினும் கால் மணி குறைவாகவே இருக்கும். ஆகவே, இவ்விதியைப் பின்பற்றுவோர் சற்று முன்னதாகவே உண்டு முடித்தல் நன்று. விதியின் எல்லையை அறிந்து விதியைக் கையாளுதலும் கணித அறிவின் ஒரு பகுதியே.

நிறையும் குறையும்

ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதுங்கால் அவருடைய குறையையும் சொல்லுதல் வாய்மை நெறி. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாமல் இருக்கும் என்று மகாவீராசாரியர் எழுதினார். அது பொருந்தாது. பகிர்ந்து கொள்வோர் எவரும் இல்லையெனின் பொருள் அப்படியே இருக்கும் என்று கருதினார் போலும். சுழியத்தின் இயல்பு அந்நாளில் அறிஞர் பலரை மயக்கியது. பிரம்மகுப்தரும் அதில் இடறியவரே. அதே ஆசாரியர்தாம், எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இயல்பில் இல்லை என்று தெளிவாக எடுத்துரைத்தவர். எந்த எண்ணைத் தன்னோடு தானே பெருக்கினாலும் எதிர்மறை எண் வாராது என்னும் அடிப்படையில் அவர் சொன்ன அவ்வுண்மையை இன்றும் பள்ளியில் அவ்வாறே கற்பிக்கிறோம்.

அநேகாந்தம் பயின்றவர்களாகிய நாம் இதில் மனம் குன்ற வேண்டியதில்லை. ஒரு நூல் பலவகையில் சிறந்ததாகவும் ஓரிடத்தில் பிழைபட்டதாகவும் இருத்தல் கூடும். உயர்வு நவிற்சி இன்றியே உயர்ந்து நிற்கக் கூடியவர் அவர்.

நூல் பிழைத்த வரலாறு

ஆசாரியரின் நூல் தென்னாட்டில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. பதினொன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவராகக் கருதப்படும் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் ஆக்கினார். அவர் இராஜமகேந்திரத்தை ஆண்ட இராஜராஜ நரேந்திரனின் காலத்தவர் என்பர். அம்மன்னனோ நம் இராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரன். கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராஜாதித்யர் என்னும் சைன அறிஞர் கன்னட மொழியிலேயே கணித நூல்கள் எழுதினார். பின்னர்க் காலப்போக்கில் மகாவீராசாரியரின் பெயர் கற்றோர் அவையிலும் மங்கியது. பனை ஓலையில் மட்டும் அவர் நூல் உறங்கியது.

அதனை மீண்டும் உலகிற்கு அளித்த பெருமை சென்னைக்கு உரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த மு. ரங்காசாரியர், கிரந்த எழுத்திலும் கன்னட எழுத்திலும் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டார். மூடபித்ரியிலிருந்தும் சுவடி பெறப்பட்டது. மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1912இல் சென்னை அரசினர் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித். நூல் அச்சாவதற்கு முன்னரே, 1908இல் ரோம் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அவர் இதனைப் பற்றி எடுத்துரைத்தார். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்றில் பணியாற்றியவர் மகாவீராசாரியரின் அருமையை உணர்ந்தது இயல்பே. கற்பிக்கத் தெரிந்தவரைக் கற்பிப்போர் அறிவர். பின்னர் 1963இல் இலட்சுமி சந்திர ஜெயின் அவர்களின் இந்தி மொழிபெயர்ப்பு சோலாப்பூரிலிருந்து வெளிவந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்நூல் அழியாது இருந்ததற்குக் காரணம் எது? ஓலை ஒருமுறை எழுதினால் சில நூற்றாண்டுகளே நிற்கும். ஆகவே, தலைமுறை தலைமுறையாக எவரோ ஒருவர் அதனைப் படியெடுத்துக்கொண்டே வந்திருத்தல் வேண்டும். உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நான்கு தானங்களுள் ஒன்றாக நம் ஆன்றோர் வைத்தனர். நூலைப் படியெடுத்து முனிவர்க்கும் மடத்துக்கும் வழங்குதல் புண்ணியம் என்று நம் இல்லறத்தார் கருதினர். அவர்களுள் பலருக்கு அக்கணக்குகள் விளங்கியிரா. விளங்காத நூலையும் காத்தார்கள். அதனால்தான் விளங்கிக்கொள்ள வல்லவர் கையில் அது ஒருநாள் சேர்ந்தது. படியெடுக்கும் அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மகாவீராசாரியர் என்று ஒருவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திராது.

நாம் செய்யத்தக்கவை

இதனை எண்ணும்போது இரண்டு கடமைகள் நம்முன் நிற்கின்றன. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் உள்ள நம் பழைய இல்லங்களில் பரண்மேல் ஓலைச்சுவடிகள் இன்னும் இருத்தல் கூடும். படிக்க இயலவில்லை என்பதற்காக அவற்றை ஆற்றில் விடுவதும், எரிப்பதும், கறையானுக்கு இரையாக விடுவதும் தகா. மடத்திடமோ சுவடி நூலகத்திடமோ காட்டிப் படமெடுத்துப் பாதுகாக்கச் செய்தல் இக்காலத்துச் சாத்திர தானம் ஆகும்.

மற்றொன்று பிள்ளைகளைப் பற்றியது. மகாவீர் ஜெயந்திக்கு நம் குடும்பங்கள் கோயிலில் கூடுவது வழக்கம். அவ்விழா மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருவதால் வெயிலுக்கும் நிழலுக்கும் குறைவில்லை. பூசை முடிந்தபின் பிள்ளைகள் கையில் ஒரு கோலையும் அளவு நாடாவையும் கொடுத்து மானஸ்தம்பத்தின் உயரத்தைக் கண்டு சொல்லுமாறு பெரியவர்கள் கேட்கலாம். ஒரு பிள்ளை காலையிலும் மற்றொரு பிள்ளை மாலையிலும் அளக்கட்டும். நிழல்கள் வேறுபடும், கோலின் நிழலும் அதற்கேற்ப வேறுபடும், உயரம் மட்டும் ஒன்றாகவே வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் மறந்துபோகும். தன் கையால் அளந்து கண்ட உயரம் மறவாது. பெண்குழந்தைகளை ஒதுங்கி நிற்க விடாமல் அவர்கள் கையில் முதலில் நாடாவைக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சுந்தரி கற்ற பாடம் அது.